இரவுத் தூண்டிலுக்கு டார்ச் விளக்கு: 18650 பேட்டரியை எதை நம்பி வாங்குவது?

கடலோரத் தூண்டில் | ஞாயிறு, இரவு 10.40

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் வாரம் ஒரு முறையாவது இரவில் தூண்டில் போடுகிறவன் நான். கைப்பேசி வெளிச்சத்தில் முள் கட்டிக் கண் வலித்ததால் சென்ற ஆண்டு நல்ல டார்ச் விளக்கு ஒன்று வாங்கினேன். அதில் 18650 என்ற உருளைப் பேட்டரி இரண்டு, ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். கூட வந்தவை சோர்ந்துவிட்டன. அதனால் இணையத்தில் ‘9900 எம்ஏஎச்’ என்று கொள்ளளவு அச்சடித்த நீலப் பேட்டரிகள் நான்கை வாங்கினேன். நான்கும் சேர்த்துப் பதினொரு வெள்ளி.

நேற்று இரவு சார்ஜரில் இருந்தவற்றில் ஒன்று கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. பக்கத்தில் இருந்ததோ குளிர்ந்தே கிடந்தது. என் மனைவி உடனே சுவிட்சை அணைத்துவிட்டு, “பிள்ளைகள் தூங்குகிற வீடு, இது இனி உள்ளே வரக்கூடாது” என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தவறே இல்லை.

எந்த பேட்டரி வாங்குவது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இணையத்தில் தேடினால் மின்சிகரெட் பிடிப்பவர்களுக்கான பட்டியல்களே வந்து குவிகின்றன. 20 ஆம்பியர், 30 ஆம்பியர் என்று எண்கள். டார்ச் விளக்குக்கு அவை பொருந்துமா என்றே விளங்கவில்லை.


செம்புக்கம்பி | ஞாயிறு, இரவு 11.25

தம்பி, தேர்ந்தெடுப்பதைப் பிறகு பார்ப்போம். அந்த நான்கையும் இன்றிரவே சார்ஜரிலிருந்தும் டார்ச்சிலிருந்தும் எடுத்துவிடுங்கள். இரு முனைகளிலும் டேப் ஒட்டுங்கள். காய்ந்த மணல் போட்ட மண்சட்டி இருந்தால் அதற்குள் வைத்து, துணியும் காகிதமும் அருகில் இல்லாத சிமெண்டுத் தரையில் வையுங்கள். மீண்டும் ஒரு முறை சார்ஜ் செய்து பார்ப்போம் என்ற எண்ணமே வேண்டாம்.

ஜூரோங் கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுக்கு மேல் மின்வேலை பார்த்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: 9900 என்ற எண்ணே பேட்டரி பொய் சொல்கிறது என்பதற்குச் சான்று. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிச் சுழி உருளை வடிவத்தைக் குறிக்கும். அந்தச் சிறு குழாய்க்குள் உலகின் மிக நல்ல தொழிற்சாலைகளே பெரும்பாலும் 3500, 3600 எம்ஏஎச் வரைதான் அடைக்கின்றன. 5000 என்று எழுதியிருந்தாலே கீழே வைத்துவிடலாம். 9900 என்று எழுதத் துணிந்தவர் உள்ளே என்ன வைத்திருப்பார் என்பதற்கு எந்தப் பொறுப்பும் ஏற்கமாட்டார்.

வீட்டில் சமையல் தராசு இருக்கிறதா? ஒன்றை நிறுத்துப் பாருங்கள். நல்ல 18650 பெரும்பாலும் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். எடையைச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.


கடலோரத் தூண்டில் | ஞாயிறு, இரவு 11.50

நிறுத்தேன் ஐயா. 29, 31, 30, 31 கிராம். டார்ச்சுடன் வந்த பழைய பேட்டரி 47 கிராம். பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. நான்கையும் மணலில் வைத்துவிட்டேன்.


செம்புக்கம்பி | திங்கள், காலை 7.10

இரவில் எழுதினால் அவசரத்தில் ஏதாவது விட்டுவிடுவேன் என்று காலைக்கு வைத்தேன்.

பேட்டரி வாங்குகிறவர்கள் எல்லாரும் எம்ஏஎச் எண்ணைப் பார்க்கிறார்கள். அது தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு. குழாயின் அகலத்தைப் பார்ப்பவர் குறைவு. தொடர்ந்து எத்தனை ஆம்பியர் மின்னோட்டத்தை அந்த பேட்டரி சூடேறாமல் தர முடியும் என்பதே குழாயின் அகலம். இரண்டும் ஒன்றாக வளராது. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். இப்படிப்பட்ட ஒற்றை பேட்டரியைச் செல் என்பார்கள். சாம்சங் 25ஆர் என்ற செல்லில் 2500 எம்ஏஎச் இருக்கிறது, தொடர்ந்து 20 ஆம்பியர் தரும். அதே நிறுவனத்தின் 35இ-யில் 3500 எம்ஏஎச், ஆனால் 8 ஆம்பியர்தான். எல்ஜி எச்ஜி2-வில் 3000 எம்ஏஎச், 20 ஆம்பியர். 3500 எம்ஏஎச்-சும் 30 ஆம்பியரும் ஒரே 18650-இல் இருப்பதாக உறையில் எழுதியிருந்தால் அதுவும் பொய்தான்.

மின்சிகரெட் பட்டியல்கள் ஏன் பெரிய ஆம்பியரைத் தேடுகின்றன என்று கேட்டீர்கள். அந்தச் சாதனத்தில் இருப்பது ஒரு சூடேற்றும் கம்பிச்சுருள். அதன் மின்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுதாகச் சார்ஜ் ஆன செல்லில் 4.2 வோல்ட். 4.2-ஐ 0.2-ஆல் வகுத்தால் 21 ஆம்பியர். மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத வகையில், பொத்தானை அழுத்தியதும் அவ்வளவும் நேரே செல்லிலிருந்து பாயும். 8 ஆம்பியர் செல்லிடம் 21 ஆம்பியர் கேட்டால் அது கொதிக்கும். உங்கள் டார்ச் இழுப்பது மிஞ்சிப்போனால் நான்கைந்து ஆம்பியராக இருக்கும். பெட்டியிலோ கையேட்டிலோ பாருங்கள், எழுதியிருப்பார்கள். அதற்கு 8 அல்லது 10 ஆம்பியர் தரும் 3400, 3500 எம்ஏஎச் செல் போதும். மின்சிகரெட்டுக்கான பட்டியலைப் பார்த்து வாங்கினால் விளக்கு சீக்கிரம் அணைந்துவிடும், அவ்வளவுதான் பயன்.

இன்னொன்று. உறையில் பெரிய எழுத்தில் ‘40 ஆம்பியர்’ என்று போட்டிருக்கும். அது சில விநாடிகளுக்கு மட்டும் தாங்கும் அளவாக இருக்கலாம். நமக்கு வேண்டியது தொடர்ச்சியாகத் தாங்கும் அளவு. செல் தயாரிப்பாளரின் தரவுத்தாளில் அது இருக்கும். அதை மட்டும் நம்புங்கள்.


தேக்கா நடை | திங்கள், காலை 9.02

பெரியவர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நானும் இதே மாதிரி மலிவான பேட்டரியைக் கையடக்க மின்விசிறியில் மூன்று ஆண்டாகப் பயன்படுத்துகிறேன். ஒரு கோளாறும் இல்லை. நல்ல பேட்டரி என்று கடையில் ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து வெள்ளி கேட்கிறார்கள். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவன் எல்லாவற்றுக்கும் விலையுயர்ந்ததையே வாங்க முடியுமா? மலிவானது எல்லாம் ஆபத்து என்று பயமுறுத்துவது நியாயமாகத் தெரியவில்லை.


செம்புக்கம்பி | திங்கள், காலை 9.40

நியாயமான கேள்வி தம்பி. உங்கள் விசிறி இழுப்பது ஒரு ஆம்பியர்கூட இருக்காது. மெதுவாக நடக்கிறவனின் செருப்பு எதுவாக இருந்தாலும் தாங்கும். அது நல்ல செருப்பு என்பதற்கு அது சான்றாகாது. அதே பேட்டரியை டார்ச்சில் போட்டு, முழு வெளிச்சத்தில் பத்து நிமிடம் எரியவிட்டால்தான் அதன் குணம் தெரியும். அந்தச் சோதனையை வீட்டில் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விலையைப் பற்றி: பதினொரு வெள்ளிக்கு வாங்கிய நான்கும் இப்போது மணலில் கிடக்கின்றன. ஒரு நல்ல செல் முறையாக வைத்துக்கொண்டால் சில நூறு முறை சார்ஜ் ஆகும். கணக்கு உங்களுக்கே தெரியும்.


பாசிர் ரிஸ் ரசாயனம் | திங்கள், பிற்பகல் 1.15

நான் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். ஒரு செல் சுட்டு மற்றது சுடாதது ஏன் என்று தூண்டில் அண்ணன் கேட்கவில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

லித்தியம் செல்லுக்குள் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் பாய் போலச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. அதன் தடிமன் நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. உள்ளே இருக்கும் திரவமோ எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பான். மோசமாகச் செய்த செல்லில் ஓர் உலோகத் துணுக்கு சிக்கியிருந்தாலோ, தகடுகள் கோணலாகச் சுருட்டப்பட்டிருந்தாலோ, சவ்வில் ஓரிடத்தில் உட்குறுக்குச் சுற்று உண்டாகும். அந்த இடம் சூடாகும். 130 பாகை செல்சியஸ் அளவில் பாலிஎத்திலீன் சவ்வு உருகத் தொடங்கும். பிறகு தகடுகள் நேரடியாகத் தொட்டுக்கொள்ளும். வெப்பம் இன்னும் ஏறினால் நேர்முனைப் பொருளே ஆக்சிஜனை வெளியிடும். தீக்கு வேண்டிய எரிபொருளும் ஆக்சிஜனும் வெப்பமும் ஒரே குப்பிக்குள் சேர்ந்துவிடும். அதனால்தான் இந்தத் தீயை மூடி அணைக்க முடியாது. ஒன்று பற்றினால் பக்கத்தில் இருப்பதும் சூடாகிப் பற்றும்.

அண்ணன் வீட்டில் நடந்தது அந்தப் பாதையின் முதல் படியாகவே இருக்கக்கூடும். அண்ணி சுவிட்சை அணைத்தது மிகச் சரியான செயல்.

இந்த ஆபத்து புதிதும் அன்று. 1991-இல் சோனி முதன்முதலாக இவ்வகை பேட்டரிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடிகோலிய மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. நல்ல தொழிற்சாலைகள் இத்தனை ஆண்டுகளாகச் செல்லின் தலைப்பகுதியில் அழுத்தம் மிகுந்தால் மின்சுற்றை வெட்டும் தகடு, வாயுவை வெளியேற்றும் துவாரம் என்று பாதுகாப்பைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கின்றன. போலி செல்லில் அவை இருக்கும் என்று எப்படி நம்புவது?


மழைத்துளி | திங்கள், பிற்பகல் 3.30

இதோடு தொடர்புள்ள கேள்வி. ஜோகூரில் உள்ள என் உறவினர் தன் மின்சிகரெட்டில் போட்டிருந்த இரண்டு 18650 செல்களை எனக்குக் கொடுத்தார். சோனி என்று எழுதியிருக்கிறது, பச்சை உறை. செல்கள் மட்டும்தான், சாதனம் இல்லை. நல்ல நிறுவனம் என்பதால் டார்ச்சில் போட்டுக்கொள்ளலாமா? உறையில் பிளஸ் முனைக்கு அருகில் சின்னக் கிழிசல் இருக்கிறது.


நெறியாளர் | திங்கள், பிற்பகல் 3.48

செல்களைப் பற்றிய கேள்விக்குத் தடையில்லை. ஆனால் மின்சிகரெட் சாதனத்துக்கு பேட்டரி பரிந்துரைப்பது இங்கே வேண்டாம். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி 1 முதல் மின்சிகரெட்டை வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். 2025 செப்டம்பர் 1-இல் தண்டனை இன்னும் கடுமையானது. அப்போது முதல் முறை பிடிபடும் பெரியவருக்கு 700 வெள்ளி, 18 வயதுக்குக் கீழ் இருந்தால் 500 வெள்ளி அபராதம் என்று வைத்தார்கள். எட்டோமிடேட் என்ற மயக்கமருந்து கலந்தவற்றை அதே நாள் போதைப்பொருள் சட்டத்தின் கீழேயே கொண்டுவந்தார்கள். யார் வீட்டிலாவது அப்படிப்பட்ட சாதனம் இருந்தால் அதைப் பிரித்து பேட்டரி எடுக்க முயல வேண்டாம். உரியவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள்.


செம்புக்கம்பி | திங்கள், மாலை 6.20

மழைத்துளி, போடாதீர்கள். இரண்டு காரணம்.

முதலாவது அந்தக் கிழிசல். பலருக்குத் தெரியாத செய்தி இது: 18650 செல்லின் மேல்மொட்டு மட்டுமே நேர்முனை. அடிப்பகுதியோடு சேர்த்துச் சுற்றியிருக்கும் உலோகக் குப்பி முழுவதும் எதிர்முனை. மேலே மொட்டைச் சுற்றியுள்ள தோள்பகுதியும் எதிர்முனையே. மொட்டுக்கும் தோளுக்கும் இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர். நடுவே காப்பாக இருப்பது ஒரு காகித வளையமும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான். உறை கிழிந்த இடத்தில் டார்ச்சின் உலோகம் மொட்டையும் தோளையும் சேர்த்துத் தொட்டால் போதும், செல்லின் மொத்த ஆற்றலும் அந்தப் புள்ளி வழியே பாயும்.

இரண்டாவது அதன் வரலாறு. அந்த செல் எத்தனை முறை அளவுக்கு மீறிக் கொதித்தது, எத்தனை முறை கீழே விழுந்தது, 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்ததா என்று யாருக்கும் தெரியாது. மிகவும் கீழே இறங்கிய செல்லில் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் செய்யும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படியும். வெளியே பார்த்தால் செல் புதிது போலவே இருக்கும். பச்சை உறையும் அடையாளமாகாது. பழைய செல்லுக்குப் புது உறை மாட்டி விற்பது உலகமெங்கும் நடக்கிறது.

இன்னொன்றையும் சொல்கிறேன். சாம்சங், எல்ஜி, முராட்டா, பானசோனிக் போன்ற நிறுவனங்கள் இந்த வகை வெறும் செல்களைத் தனி மனிதர்களுக்கு விற்பதற்காகச் செய்வதில்லை. பாதுகாப்புச் சுற்றுள்ள பேட்டரிப் பெட்டிக்குள் வைத்துப் பயன்படுத்தவே செய்கின்றன. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் 2021 ஜனவரியில் தனித்தனி 18650 செல்களை வாங்க வேண்டாம் என்று எச்சரித்தது. 2018 மே மாதம் ஃபுளோரிடாவிலும், 2019 ஜனவரியில் டெக்சஸிலும் மின்சிகரெட் வெடித்து இடத்துக்கு ஓர் உயிர் போனது. அந்த அளவுக்கு ஆற்றல் ஒரு விரல்நீளக் குப்பிக்குள் இருக்கிறது.


மஞ்சள் பை | திங்கள், இரவு 11.55

இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன். மின்சைக்கிளில் உணவு விநியோகம் செய்கிறேன். ஐயா கிழிந்த உறையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் என் கதையைச் சொல்லத் தோன்றியது.

இரண்டு ஆண்டுக்கு முன் தலைவிளக்குக்கு மாற்று செல் ஒன்றைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அதே பையில் வீட்டுச் சாவி. படி ஏறும்போது தொடையில் ஏதோ சுட்டது. எறும்பு என்று நினைத்துத் தட்டினேன். அடுத்த நொடி துணி புகைந்தது. பையை வெளியே இழுத்துவிட்டதால் செல் தரையில் விழுந்தது. சாவி மொட்டுக்கும் தோளுக்கும் குறுக்கே விழுந்திருக்கிறது. தொடையில் இன்னும் தழும்பு இருக்கிறது. செல் நல்ல செல்தான், போலி இல்லை. தவறு என் பையில்.

நண்பர்களே, இரண்டு வெள்ளிக்குப் பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கிறது. அதில் போடாமல் ஒரு செல்லைக்கூட வெளியே எடுத்துச் செல்லாதீர்கள். காசும் சாவியும் இருக்கும் பையில் ஒருபோதும் வேண்டாம்.

எங்கள் தொழிலில் இன்னொரு பேச்சு. தூரம் கூடுதலாகப் போகிறது என்று சிலர் வெளியில் கட்டிய பேட்டரிப் பெட்டியை வண்டியில் மாட்டுகிறார்கள். 2021 ஜூனில் உட்லண்ட்ஸ் புளோக் ஒன்றின் மின்தூக்கிக்குள் மின்சைக்கிள் தீப்பற்றி 20 வயதுத் தம்பி ஒருவர் இறந்தார். அன்று முதல் மின்தூக்கியில் வண்டியோடு ஏறும் ஒவ்வொரு முறையும் அவர் நினைவுதான்.


ஈசூன் அக்கா | செவ்வாய், காலை 8.30

மஞ்சள் பை தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் மகனின் பள்ளிப்பையைத் தட்டிப் பார்த்தேன். கையடக்க விசிறியும் பவர் பேங்க்கும் சாவிக்கொத்தோடு கிடந்தன. பிரித்து வைத்துவிட்டேன்.

எனக்கு இதில் தொழில் அறிவு இல்லை. ஒரு தாயாகச் சொல்கிறேன். வீவக அடுக்குமாடி வீட்டில் நம் சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் உறங்குகிறது. 2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக்கில் மின்ஸ்கூட்டர் தீயில் ஒருவர் இறந்ததை மறக்க முடியுமா? அதற்குப் பிறகுதான் யுஎல் 2272 என்ற தீப்பாதுகாப்புச் சான்று இல்லாத ஸ்கூட்டர்கள் 2020 ஜூலை 1 முதல் பொதுப்பாதையில் தடைசெய்யப்பட்டன. குடிமைத் தற்காப்புப் படை திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள், வாசற்கதவுக்குப் பக்கத்தில் போடாதீர்கள். வாசலில் தீப்பிடித்தால் குடும்பமே எப்படி வெளியேறும்? எத்தனை வீடுகளில் இன்றும் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில்தான் எல்லாம் சார்ஜ் ஆகின்றன!

விலை அதிகம் என்று எழுதிய சகோதரருக்கு: உங்கள் கஷ்டம் புரிகிறது. எங்கள் வீட்டிலும் கணக்குப் பார்த்துத்தான் செலவு. ஆனால் மலிவான பேட்டரியின் ஆபத்தில் பாதி, அதை வாங்காத பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகிறது. அவரிடம் நாம் கேட்கவில்லையே.


தேக்கா நடை | செவ்வாய், காலை 10.10

அக்கா, அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். என் பக்கத்து வீட்டில் சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி இருக்கிறார். விசிறி பேட்டரியை நிறுத்துப் பார்த்தேன், 34 கிராம். எடுத்துவிட்டேன்.

இப்போது எனக்கும் அதே கேள்வி. நல்லதை எங்கே வாங்குவது? எதை வாங்குவது?


செம்புக்கம்பி | செவ்வாய், பிற்பகல் 12.45

நன்றி தம்பி.

நம் போன்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது, வெறும் செல்லைத் தேடாதீர்கள். டார்ச் நிறுவனமே தன் பெயரில் விற்கும் ‘பாதுகாப்புச் சுற்று உள்ள’ பேட்டரியை வாங்குங்கள். அதன் அடியில் காசளவு மின்சுற்றுப் பலகை இருக்கும். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனாலும், மிகவும் இறங்கினாலும், குறுக்குச் சுற்று நடந்தாலும் அது வெட்டிவிடும். சிலவற்றில் யுஎஸ்பி துளையே இருக்கும், தனிச் சார்ஜர் வேண்டாம். டார்ச் விற்கும் நிலையான கடையில், ரசீதோடு வாங்குங்கள். மின்னணுப் பொருள்களுக்கு சிம் லிம் டவரில் பல ஆண்டுகளாக இருக்கும் கடைகள் இருக்கின்றன. எந்தக் கடை என்றாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உள்ளே இருப்பது யாருடைய செல், எந்த மாதிரி எண்? பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

கடலோரத் தூண்டில் தம்பிக்குத் தனியாக ஒன்று. உங்கள் விளக்கில் இரண்டு செல் தொடராகப் போகிறது. நீர் புகாமல் இருக்க ரப்பர் வளையம் போட்டு இறுக்கிய உலோகக் குழாய் அது. அதற்குள் ஒரு செல் வாயுவைக் கக்கினால் வெளியேற வழி இல்லை. குழாயே வெடிகுண்டாகிவிடும். தொடரில் ஒரு செல் வலுவாகவும் மற்றது சோர்ந்தும் இருந்தால், சோர்ந்தது முதலில் தீர்ந்து, வலுவானது அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்யத் தொடங்கும். அதனால் இரண்டும் ஒரே மாதிரி, ஒரே நாளில் வாங்கியவை, எப்போதும் ஒன்றாகவே சார்ஜ் ஆனவையாக இருக்க வேண்டும். புதிதோடு பழையதைக் கலக்கவே கூடாது. உங்கள் இடத்தில் நானாக இருந்தால் ஒரே செல்லில் எரியும் டார்ச்சுக்கு மாறிவிடுவேன். 21700 என்ற சற்றுப் பெரிய செல்லில் 5000 எம்ஏஎச் உண்மையாகவே கிடைக்கிறது. முள் கட்ட அந்த வெளிச்சம் தாராளம்.

சார்ஜர்: செல்லை 4.2 வோல்ட் வரை ஏற்றி, தானே நிறுத்திக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். ஒரு ஆம்பியர் வேகம் போதும், அவசரம் வேண்டாம். சுவரில் செருகும் அடாப்டரில் நம் நாட்டின் பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.


பாசிர் ரிஸ் ரசாயனம் | செவ்வாய், மாலை 5.00

ஐயா, லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைப் பற்றியும் சொல்லலாமே. அதன் நேர்முனைப் பொருள் சூட்டில் எளிதில் ஆக்சிஜனை விடுவதில்லை. வேதியியல்படி அது அமைதியானது.


செம்புக்கம்பி | செவ்வாய், மாலை 5.35

உண்மை. ஆனால் அதன் முழுச் சார்ஜ் 3.65 வோல்ட்தான். அதே 18650 அளவில் வருவதால் யாராவது 4.2 வோல்ட் சார்ஜரில் போட்டுவிடுவார்கள். சார்ஜரில் அதற்கெனத் தனி அமைப்பு இல்லாவிட்டால் வேண்டாம்.


மழைத்துளி | புதன், இரவு 9.15

இரண்டு செல்லையும் டேப் ஒட்டி வைத்துவிட்டேன். அடுத்த வாரம் திருச்சிக்குப் போகிறேன். டார்ச்சுக்கு வாங்கும் புது பேட்டரியையும் பவர் பேங்க்கையும் பெட்டியில் வைக்கலாமா? கிழிந்த இரண்டையும் குப்பைக் குழாயில் போடலாமா?


ஈசூன் அக்கா | புதன், இரவு 9.40

குப்பைக் குழாயில் மட்டும் போட்டுவிடாதீர்கள்! குப்பை லாரியில் நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கும். வேலை செய்கிறவர்களும் யாருடையவோ பிள்ளைகள்.

பயணத்துக்கு: மாற்று பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் கைப்பையில்தான் போக வேண்டும், ஏற்றி அனுப்பும் பெட்டியில் கூடாது. முனைகளில் டேப் ஒட்டியோ தனிப் பெட்டியிலோ வையுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் இரண்டிலும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்திச் சார்ஜ் செய்யவும் கூடாது, பவர் பேங்க்கைச் சார்ஜ் போடவும் கூடாது. சென்ற முறை என் பக்கத்து இருக்கைக்காரருக்கு இது தெரியவில்லை, பணிப்பெண் வந்து சொன்னார்.


பாசிர் ரிஸ் ரசாயனம் | புதன், இரவு 10.05

அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 வாட்-மணி வரை தடையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். எம்ஏஎச்-சை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி வரும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-மணி. ஒரு 18650 செல் பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு மேல் போகாது.

பழைய செல்களுக்கு: 2021 ஜூலை முதல் மின்கழிவுத் திட்டம் நடக்கிறது. பேரங்காடிகளிலும் சமூக மன்றங்களிலும் தொட்டிகள் இருக்கின்றன. எந்தத் தொட்டியில் எந்த பேட்டரி என்று அதிலேயே எழுதியிருக்கும். ஆனால் சூடேறியது, வீங்கியது, கிழிந்தது எதையும் தொட்டியில் போடாதீர்கள். மற்ற பேட்டரிகளோடு சேர்ந்து கிடக்கும். திட்டத்தை நடத்துபவர்களைக் கேட்டுவிட்டு நேரில் ஒப்படையுங்கள்.


கடலோரத் தூண்டில் | சனி, மாலை 4.20

எல்லாருக்கும் நன்றி. இன்று கடைக்குப் போய் ‘யாருடைய செல்’ என்று கேட்டேன். முதல் கடைக்காரர் “எல்லாம் ஒன்றுதான்” என்றார், வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் மாதிரி எண்ணோடு சொன்னார்கள். பாதுகாப்புச் சுற்றுள்ள 18650 இரண்டு வாங்கினேன். வீட்டில் நிறுத்தேன், இரண்டும் 49 கிராம். மனைவி மை எழுதுகோலால் இரண்டிலும் இன்றைய தேதியை எழுதிவிட்டார். சார்ஜர் இப்போது சமையலறை மேடையில், அடுப்பிலிருந்து தள்ளி, கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது. இரவில் அதற்கு வேலை இல்லை.

ஒரே சிக்கல். புது பேட்டரி சற்று நீளம், 69 மில்லிமீட்டர். இரண்டையும் போட்டால் டார்ச்சின் பின்மூடி கடைசிச் சுற்றுக்கு இறங்க மறுக்கிறது. இறுக்கித் திருகினால் மூடிவிடும் போலிருக்கிறது. செய்யலாமா ஐயா?


செம்புக்கம்பி | சனி, மாலை 4.32

வேண்டாம். அந்தக் கூடுதல் நீளமே அடியில் உள்ள மின்சுற்றுப் பலகை. இறுக்கினால் வில்சுருள் அதை நசுக்கும். காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பே முதலில் உடையும். ரசீது இருக்கிறது அல்லவா, கடை மூடுவதற்குள் போய் மாற்றிக்கொள்ளுங்கள். ஒற்றை செல் டார்ச்சையும் அங்கேயே கையில் பிடித்து, மூடி முழுதாக மூடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.


கடலோரத் தூண்டில் | சனி, இரவு 8.05

மாற்றிவிட்டேன். 21700 ஒற்றை செல் டார்ச், செல் உட்பட. மூடி இரண்டு விரலால் திருகியதும் முழுதாக மூடிவிட்டது. மாற்று செல் பிளாஸ்டிக் பெட்டியில், தூண்டில் பெட்டியின் மேல்தட்டில், ஈயக்குண்டுகளுக்கும் முள்களுக்கும் எட்டாத இடத்தில் இருக்கிறது. மணல்சட்டியில் இருக்கும் நான்கையும் திங்கட்கிழமை கேட்டு ஒப்படைக்கிறேன். இன்றிரவு அலை ஏறுகிறது, புறப்படுகிறேன்.